பாடலும் பயணமும்: இளைஞர் இசைக்குழுக்களின் வெளிநாட்டு நிகழ்ச்சிகள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

இசைக்குழுவொன்று தன் நாட்டெல்லையைக் கடந்து பிறிதொரு நாட்டின் அரங்கில் ஏறும்போது, அங்கே செவிமடுக்கப்படுவது இசை மாத்திரமன்று. அக்குழுவை அனுப்பியோர் யாவர், செலவைப் பொறுப்பேற்றோர் யாவர், திரும்பி வரும்போது அது எதனைக் கொண்டுவர வேண்டுமென எதிர்பார்க்கப்படுகின்றது என்னும் வினாக்களும் அதனுடன் கப்பலேறுகின்றன. தனிக் கலைஞர் ஒருவரின் பயணத்தில் இவை ஓரளவுக்கு மறைந்திருத்தல் கூடும். அவர் தமது புகழுக்காகப் போகின்றார் என்று கூறி விடயத்தை முடித்துவிடலாம். மாணவரும் இளைஞரும் அடங்கிய பாடகர் குழுக்கள், வாத்தியக் குழுக்கள் ஆகியவற்றின் நிலை வேறு. இளைஞரை எவரும் வீணே அனுப்புவதில்லை. கல்லூரிக்குக் கட்டடம், நாட்டுக்கு நற்பெயர், பகைத்த இனங்களுக்கிடையே நட்பு என ஏதாவதொரு சுமை அவர்களது தோளில் ஏற்றப்பட்டே இருக்கும்.

இத்தகைய பயணங்களைப் பற்றி எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை கைதட்டலைப் பதிவு செய்கின்றன. அல்லது திரண்ட பணத்தைக் கணக்கிடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே விமரிசனத்துக்குரிய பொருள் நழுவி விடுகின்றது. அப்பொருள் நிகழ்ச்சிநிரலாகும். எதனைப் பாடுவது, எதனைப் பாடாது விடுவது, எதனை முதலில் வைப்பது, எதனை இறுதிக்கு ஒதுக்குவது என்னும் தெரிவுகளிலேயே பாடுவோருக்கும் கேட்போருக்கும் பணங் கொடுப்போருக்கும் இடையிலான உறவு பொதிந்து கிடக்கின்றது. கருநாடக இசைக் கச்சேரியின் வரிசைமுறையை அறிந்தோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வர்ணத்தில் தொடங்கித் துக்கடாக்களில் முடியும் அவ்வரிசை, ஒரு சமூகத்தின் மதிப்பீடுகளின் வரிசையுமாகும். வெளிநாட்டுப் பயணம் போகும் குழுவின் நிரலையும் அவ்வாறே வாசித்தல் வேண்டும்.

மாணவர் குழுக்களின் இத்தகைய பயணங்களுட் காலத்தால் முந்தியனவற்றுள் ஒன்றும், செல்வாக்கால் தலையாயதும் அமெரிக்காவின் பிஸ்க் பல்கலைக்கழகத்து ஜூபிலிப் பாடகர்களின் பயணமாகும். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1865இல் முடிவுற்றது. அடுத்த ஆண்டு ஜனவரியில், தெனசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலே, யுத்தகாலத்தில் இராணுவ வைத்தியசாலையாகப் பயன்பட்ட மரக் கட்டடங்களில், விடுதலை பெற்ற அடிமைகளுக்கான பாடசாலையொன்று திறக்கப்பட்டது. அமெரிக்க மிஷனரிச் சங்கத்தின் ஆதரவில் இயங்கிய அப்பாடசாலை 1867இல் பல்கலைக்கழகமெனப் பதிவுபெற்றது. பெயர் பல்கலைக்கழகம்; கையிருப்போ எதுவுமில்லை. 1871 அளவிலே கடன் பெருகி, கட்டடங்கள் உழுத்து, நிறுவனத்தை மூடிவிடும் நிலை தோன்றியது. அதன் பொருளாளராகவும் இசை ஆசிரியராகவும் பணியாற்றிய ஜோர்ஜ் வைற் என்னும் வடமாநிலத்து வெள்ளையர், மாணவர் குழுவொன்றைப் பாடவைத்துப் பணந் திரட்டலாம் என எண்ணினார். நிருவாகத்தினர் பலர் இதனை விரும்பவில்லை. எனினும் 1871 ஒக்டோபர் 6ஆந் திகதி ஐந்து பெண்களும் நான்கு ஆண்களுமாக ஒன்பது மாணவர் புறப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அடிமைகளாகவே பிறந்தவர்கள். வயதில் இளையவளான பெண் பதினைந்தைக்கூட எட்டவில்லை.

அவர்கள் எடுத்துச் சென்ற நிரல் கவனத்துக்குரியது. ஐரோப்பியச் சேர்ந்திசைப் பாடல்கள், அக்கால வரவேற்பறைகளில் விரும்பப்பட்ட உருக்கமான பாடல்கள், தேசபக்திப் பாடல்கள் ஆகியவையே அதில் முதன்மை பெற்றன. இத்தெரிவை அடிமை மனப்பான்மை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது வரலாற்றுணர்வற்ற முடிவாகும். முகத்திற் கரி பூசிக்கொண்ட வெள்ளை நடிகர்கள் கறுப்பின மக்களின் பேச்சையும் பாட்டையும் கோமாளித்தனமாக ஆடிக்காட்டும் 'மின்ஸ்ட்ரல்' ஆட்டங்கள் அப்போது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெருவழக்காயிருந்தன. 'கறுப்பரின் பாட்டு' என்றதும் பொதுமக்களின் மனத்தில் எழுந்த உருவம் அதுவே. அவ்வுருவத்துக்கு எதிரே நிற்க வேண்டிய மாணவர், வெள்ளையர் எதனை உயர்ந்த இசையெனக் கொண்டனரோ அதனையே பிழையறப் பாடிக்காட்டித் தமது தகுதியை நிறுவ முற்பட்டனர். நிகழ்ச்சிநிரல் அங்கே பரீட்சை விடைத்தாளாக அமைந்தது.

அடிமைக் காலத்துப் பாடல்கள் அவர்களுக்குத் தெரியாதவையல்ல. குழுவின் பியானோக் கலைஞரும், பயிற்சியிற் பெரும்பங்கை உண்மையிற் சுமந்தவருமான எல்லா ஷெப்பர்ட், பிற்காலத்தில் தாம் எழுதிய நினைவுகளில் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளார். அப்பாடல்கள் பெற்றோருக்குப் புனிதமானவை. அதே வேளை மறக்க விரும்பிய இருண்ட காலத்தோடு பிணைந்தவை. ஆகவே அவற்றை அந்நியர் முன்னிலையிற் பாடுவது என்னும் எண்ணமே மாணவருக்கு இருக்கவில்லை. நாற்காலிகள் போதாத அறையொன்றில் நிலத்தில் அமர்ந்து, தாழ்ந்த குரலில், ஒருவரிடமிருந்து ஒருவர் அவற்றைக் கற்றுக்கொண்டனர். வைற் அவற்றைக் கேட்டார். மேலும் மேலும் கேட்க விரும்பினார். இவ்விடத்திலேயே முதலாவது அந்நியச் செவி நுழைகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பயணத்தின் தொடக்கம் தோல்வியே. கூட்டம் குறைவு, வசூல் அதனினுங் குறைவு. தங்குவிடுதிகள் பல கறுப்பின மாணவருக்குக் கதவடைத்தன. இந்நிலையிலும், அதே ஒக்டோபரில் சிக்காகோ நகரை அழித்த பெருந்தீயினாற் பாதிக்கப்பட்டோருக்கு, முதல் நிகழ்ச்சிகளிற் கிடைத்த சொற்பத் தொகையை அவர்கள் கொடுத்துவிட்டனர். திருப்பம் நவம்பரில் ஒகையோ மாநிலத்தின் ஓபர்லின் நகரில் நேர்ந்தது. அங்குக் கூடியிருந்த திருச்சபைப் பேராளர்கள் மத்தியில் 'ஸ்டீல் அவே' என்னும் அடிமைப் பாடலை மாணவர் மிகமெல்லிய குரலிற் பாடத் தொடங்கினர். சபை அடங்கியது. அதன் பின்னர் நிரல் தலைகீழாக மாறிற்று. இறுதியிலே தயங்கித் தயங்கிச் சேர்க்கப்பட்ட அடிமைப் பாடல்கள் நிகழ்ச்சியின் நடுவிடத்துக்கு வந்தன; ஐரோப்பியப் பாடல்கள் ஓரத்துக்கு ஒதுங்கின. ஒகையோவின் கொலம்பஸ் நகரிலே வைற் குழுவுக்கு 'ஜூபிலி' என்னும் பெயரைச் சூட்டினார். அடிமைகள் யாவரும் விடுவிக்கப்படும் ஐம்பதாம் ஆண்டு பற்றி விவிலியத்தின் லேவியராகமம் கூறுவதை ஒட்டியெழுந்தது அப்பெயர்.

மிகுதியை விரைவாகவே கூறிவிடலாம். டிசெம்பரிலே நியூயோர்க்கை அடுத்த புறூக்ளினில் ஹென்றி வார்ட் பீச்சரின் தேவாலயத்திற் பாடினர். 1872 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் சனாதிபதி கிரான்ற் முன்னிலையிற் பாடினர். முதற் பயணம் ஈட்டிய தொகை 20,000 டொலர். 1873இல் பிரித்தானியா சென்று விக்ரோறியா மகாராணியின் முன்னிலையிலும் பிரதமர் கிளாட்ஸ்ரனின் இல்லத்திலும் பாடி, ஏறத்தாழ 50,000 டொலருடன் மீண்டனர். அப்பணத்தில் எழுந்த 'ஜூபிலி மண்டபம்' 1876 ஜனவரி 1ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டது. 1875இல் தொடங்கிய அடுத்த ஐரோப்பியப் பயணம் ஒல்லாந்து, ஜேர்மனி என நீண்டு, 1878இல் ஹம்பேர்க் நகரிற் குழு கலைந்ததோடு முடிவுற்றது. ஏழாண்டுகளில் திரண்ட மொத்தத் தொகை 150,000 டொலர் எனப்படுகின்றது. இத்தொகைக்கான விலையைப் பாடியோர் தமது உடலாற் செலுத்தினர். பலர் நோயுற்றனர், படிக்க வந்த மாணவரிற் பலர் படிப்பை முடிக்கவேயில்லை. படிக்கும் கூடத்தைக் கட்டுவதற்காகப் படிப்பை இழந்தவர்கள் அவர்கள்.

கட்டடம் எழுந்தது, பாட்டு என்னவாயிற்று என்பதே விமரிசகர் கேட்க வேண்டிய வினா. தோட்டங்களிலும் இரகசிய வழிபாட்டுக் கூட்டங்களிலும் பாடப்பட்ட அப்பாடலுக்கு முடிந்த வடிவமென்று ஒன்று இருக்கவில்லை. ஒருவர் தொடங்க மற்றையோர் இடைமறித்துச் சேர்வர்; சுரங்கள் ஒன்றோடொன்று உராயும்; கைதட்டலும் காலடி ஓசையும் தாளமாகும். 1867இல் வெளிவந்த அடிமைப் பாடல்களின் முதற் பெருந்தொகுதியைப் பதிப்பித்தோரே, அச்செழுத்தில் அகப்படுவது மூலத்தின் மங்கிய நிழல் மாத்திரமே என ஒப்புக்கொண்டனர். அத்தகைய பாடலை மேடைக்கு ஏற்றியபோது, அது நான்கு குரற் பகுதிகளாக வகுக்கப்பட்டது, தொடக்கமும் முடிவும் நிலைப்படுத்தப்பட்டன, உச்சரிப்புத் திருத்தப்பட்டது, ஓசையின் ஏற்ற இறக்கங்கள் நுணுக்கமாகப் பயிற்றப்பட்டன. கேட்போரை மயங்கவைத்த அந்த மெல்லோசை வைற்றின் பயிற்சியில் விளைந்தது. பாடியவர்களின் உடையும் அவ்வாறே. ஆங்கில ஓவியர் எட்மண்ட் ஹாவெல் 1873இல் அவர்களை வரைந்த பெரிய ஓவியம் இன்றும் ஜூபிலி மண்டபத்தில் உள்ளது. அதில் அவர்கள் விக்ரோறியா காலத்துக் கனவான்களும் சீமாட்டிகளுமாகவே அமர்ந்திருக்கின்றனர்.

இம்மாற்றத்தை மதிப்பிடுவதிலே கறுப்பின அறிஞரிடையே இருவேறு நிலைகள் தோன்றின. பிஸ்க்கிலே பயின்று 1888இற் பட்டம்பெற்ற டு போய்ஸ், 1903இல் வெளியிட்ட தமது கட்டுரைத் தொகுதியின் இறுதி இயலை இப்பாடல்களுக்கே ஒதுக்கினார். ஜூபிலி மண்டபத்தின் செங்கற்களை அவர் பாடல்களாகவே கண்டார். அவரது பார்வையில் பிஸ்க் குழு அடிமைப் பாடலை உலகறியச் செய்தது. அதனைப் பழுதாக்கியோர் பின்னாற் புற்றீசல்போற் கிளம்பிய போலிகளே. மானிடவியல் பயின்று தென்மாநிலங்களிற் கள ஆய்வு செய்த சோரா நீல் ஹேஸ்ற்றன் இதனை ஏற்கவில்லை. 1934இல் எழுதிய கட்டுரையில், மேடைகளிலே பாடப்படுவன உண்மையான ஆன்மிகப் பாடல்கள் அல்ல, அவற்றை அடியொற்றி ஆக்கப்பட்ட புதுப்பாடல்களே என அவர் வாதிட்டார். பிஸ்க் தொடக்கி வைத்த பாணியையும் அவர் விலக்களிக்காமற் சாடினார். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பதே அப்பாடலின் இயல்பு. ஒத்திகை பார்த்ததும் அவ்வியல்பு போய்விடுகின்றது என்பது அவர் கருத்தின் சாரம்.

ஹேஸ்ற்றன் கூறியது இசையியல் நோக்கிற் சரியானதே. பாட்டு மாறிவிட்டது என்பதை மறுக்க இடமில்லை. எனினும், 1871இல் அம்மாணவர் முன்னிருந்த தெரிவு 'தூய பாடலா, திரிந்த பாடலா' என்பதன்று. 'திரிந்த பாடலா, மௌனமா' என்பதே. விடுதலை பெற்ற தலைமுறை அப்பாடல்களை நாணத்துடன் மறக்க முற்பட்டிருந்தது. மறுபுறம், 'மின்ஸ்ட்ரல்' அரங்கு அவற்றின் கேலிச் சித்திரத்தை நாள்தோறும் விற்றுக்கொண்டிருந்தது. இந்நிலையில் மேடையேற்றம் ஒரு மீட்பாகவும் அமைந்தது. நாட்டார் பாடலையும் கூத்தையும் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்த எவரும் இத்தர்க்கத்தை அறிவர். அதன் இடர்ப்பாட்டையும் அறிவர்.

ஹேஸ்ற்றனின் கண்டனத்தினும் ஆழமான கண்டனமொன்று நிகழ்ச்சிநிரலிலிருந்தே எழுகின்றது. அது பாடப்பட்ட முறையைப் பற்றியதன்று, பாடப்படாதவற்றைப் பற்றியது. அடிமைகள் வழிபாட்டுப் பாடல்களை மாத்திரம் பாடியவர்களல்லர். வேலைப் பாடல்கள் இருந்தன. எசமானை மறைமுகமாக எள்ளும் பாடல்கள் இருந்தன. ஆட்டப் பாடல்கள் இருந்தன. மிஷனரிச் சங்கத்தின் பெயரால் தேவாலயந் தோறும் பணங் கேட்டுச் சென்ற குழுவின் நிரலில் இவற்றுக்கு இடமிருக்க முடியாது. எனவே பக்தியும் துயரமும் பயணம் போயின. சினமும் சிரிப்பும் நாஷ்விலில் தங்கிவிட்டன. அடிமை என்பவன் பொறுமையுடன் விண்ணுலகை நோக்கிக் காத்திருந்தவன் என்னும் படிமம் இங்கிலாந்தின் நற்குடியினர் மனத்திற் பதிந்ததற்கு இத்தெரிவு பெருங்காரணமாயிற்று எனலாம். அழுகின்ற அடிமைக்கு நன்கொடை கொடுப்பது எளிது. சிரிக்கின்ற அடிமைக்கு, அதுவும் தம்மைப் பார்த்தே சிரிக்கக்கூடிய அடிமைக்கு, யார் கொடுப்பர்?

இப்பாடல்களின் இன்றைய நிலையோ வேறொரு விசித்திரம். ஐரோப்பிய, அமெரிக்கக் கல்லூரிகளினதும் தேவாலயங்களினதும் பாடகர் குழுக்கள் இப்போது கோடை தோறும் வெளிநாடு செல்கின்றன. பயண ஏற்பாட்டு நிறுவனங்கள் விமானச் சீட்டு முதல் சால்ஸ்பேர்க், பிராக் போன்ற நகரங்களின் தேவாலய அரங்கு வரை அனைத்தையும் ஒழுங்குசெய்து கொடுக்கின்றன. 1871இன் பொருளாதாரம் இங்கே தலைகீழாகியுள்ளது. அன்று பாடியோர் ஈட்டினர். இன்று பாடுவோரும் அவர்தம் பெற்றோரும் செலுத்துகின்றனர். கேட்போர் பெரும்பாலும் இலவசமாகவே கேட்கின்றனர். விற்கப்படுவது இசையன்று, பாடிய அனுபவம். தவறென்று இதனைத் தள்ளவேண்டியதில்லை. யாத்திரை போவோர் கோயிலிற் பாடுவது எங்கும் உள்ள வழக்கமே. ஆனால் அவர்களது நிரலின் அமைப்பு ஏறக்குறைய எங்கும் ஒன்றே: தொடக்கத்தில் பழைய இலத்தீன் வழிபாட்டுப் பாடல், நடுவே மொசாற் அல்லது மெண்டெல்சன், விருந்தளிக்கும் நாட்டின் மொழியில் ஒரு நாட்டார் பாடல், இறுதியில் எழுந்து நின்று கைதட்ட வைப்பதற்கு ஓர் அடிமைப் பாடல். ஓபர்லினில் மூச்சையடக்கிக் கேட்கப்பட்டது துக்கடாவாகிவிட்டது.

துக்கடாவின் அரசியலை மிகத் துலக்கமாகக் காட்டுவது இளைஞர் வாத்தியக் குழுவொன்றின் பயணமாகும். 1975இல் ஹொசே அன்ரோனியோ அப்றேயு என்பவர் வெனிசுவெலாவின் கராக்காஸ் நகரில் தொடக்கிய இசைக்கல்வி இயக்கம், 'எல் சிஸ்ரெமா' எனப் பெயர்பெற்றுப் பல அரசாங்கங்களின் நிதியுதவியுடன் வளர்ந்தது. அதன் முதன்மைக் குழுவான சிமோன் பொலிவார் இளைஞர் வாத்தியக் குழு, 2007 ஓகஸ்ட்டில் குஸ்ராவோ டுடாமெலின் தலைமையில் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் வாசித்தது. முதன்மை உருப்படி ஷொஸ்டகோவிச்சின் பத்தாவது சிம்பொனி. ஸ்ராலின் இறந்த 1953ஆம் ஆண்டிலேயே அரங்கேறிய, அச்சத்தையும் அச்சத்திலிருந்து மீள்வதையும் உட்கொண்டதாகக் கருதப்படும் கடினமான படைப்பு அது. இளைஞர் அதனைச் சிறப்பாகவே வாசித்தனர். ஆனால், அந்நிகழ்ச்சி நினைவிலே தங்கியிருப்பது அதனாலன்று. இறுதியிலே நாட்டுக் கொடியின் வண்ணங்கள் கொண்ட மேற்சட்டைகளை அணிந்து, வாத்தியங்களைச் சுழற்றிக்கொண்டு, ஆடியபடியே அவர்கள் வாசித்த மேலதிக உருப்படிகளே உலகெங்கும் பேசப்பட்டன. அவற்றுட் புகழ்பெற்றது 'மம்போ'. அதனை எழுதியவர் வெனிசுவெலாக்காரர் அல்லர். நியூயோர்க்கில் வாழ்ந்த லெனார்ட் பேர்ன்ஸ்ரைன். 1957இன் 'வெஸ்ற் சைட் ஸ்ரோறி' நாடகத்திலே, புவேட்டோ றிக்கோ இளைஞரைச் சித்திரிப்பதற்காக ஆக்கிய நடனம் அது. இலத்தீன் அமெரிக்க இளைஞர், வட அமெரிக்க அரங்கு தம்மைப்பற்றி வரைந்த படத்தை ஏந்திக்கொண்டு இலண்டனில் ஆடினர். மண்டபம் எழுந்து நின்றது.

இதனாற் குழுவின் கலைத்திறன் குறைந்துவிடாது. ஆயினும் கேட்போர் எதற்காக எழுந்தனர் என்பதை ஆராயாத பாராட்டு, விமரிசனம் எனப்படாது. வறுமையிலிருந்து பிள்ளைகளை இசை மீட்கின்றது என்னும் செய்தியே அப்பயணங்களின் மூலதனமாயிருந்தது. அச்செய்தி எவ்வளவுக்கு உண்மை என்னும் வினாவை ஜெஃப்றி பேக்கர் 2014இல் வெளியிட்ட ஆய்வுநூலில் கடுமையாக எழுப்பினார். கொடியின் வண்ணச் சட்டைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2017 மே மாதத்தில், அவ்வியக்கத்திற் பயின்ற இளம் வயோலாக் கலைஞர் ஒருவர் கராக்காஸில் அரசுக்கெதிரான ஆர்ப்பாட்டமொன்றிற் கொல்லப்பட்டார். அதுவரை அரசியல் பேசாதிருந்த டுடாமெல் அரசைக் கண்டித்தார். அதே ஆண்டு ஓகஸ்ட்டில், அவரது தலைமையில் வெனிசுவெலா தேசிய இளைஞர் வாத்தியக் குழு மேற்கொள்ளவிருந்த அமெரிக்கப் பயணம் இரத்துச் செய்யப்பட்டது. சட்டையைத் தைத்துக் கொடுத்தவரே கதவையும் பூட்டினார்.

நட்பு என்னும் சுமையைத் தாங்கிய குழு பிறிதொன்று. 1999இல் ஜேர்மனியின் வைமார் நகரிலே, இஸ்ரேலியராகிய டானியல் பாரன்போயிமும் பலஸ்தீனரான எட்வேர்ட் செயித்தும் இணைந்து, இஸ்ரேலிய, அரபு இளைஞரைக் கொண்ட வாத்தியக் குழுவொன்றை உருவாக்கினர். கேதேயின் 1819ஆம் ஆண்டுக் கவிதைத் தொகுதியை ஒட்டி அதற்குக் 'கிழக்கு மேற்குத் திவான்' எனப் பெயரிடப்பட்டது. கீழைத்தேயத்தைப் பற்றி மேற்கு கட்டியெழுப்பிய அறிவை 1978இல் தோலுரித்துக் காட்டிய செயித், ஜேர்மன் கவிஞர் ஒருவர் கண்ட கிழக்கையே குழுவின் பெயராக ஏற்றமை சிந்திக்கத்தக்கது. அப்பெயரில் அவர் கண்டது ஆதிக்கத்தையன்று, அயலானிடம் கற்கும் ஆர்வத்தையே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

செயித் காலமாகி இரண்டாண்டுகளின் பின்னர், 2005 ஓகஸ்ட் 21ஆந் திகதி, ஆக்கிரமிக்கப்பட்ட மேற்குக் கரையின் றமல்லா நகரில் அக்குழு வாசித்தது. அங்கு செல்வதற்காக உறுப்பினருக்கு ஸ்பானிய அரசு இராசதந்திரக் கடவுச்சீட்டுகளை வழங்கவேண்டியிருந்தது. இவ்வொரு செய்தியே அந்நிலத்தின் நிலைமையைப் பல சொற்பொழிவுகளினும் தெளிவாகக் கூறும். நிரலில் மொசாற்றின் உருப்படியொன்றும் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியும் இடம்பெற்றன. மொசாற்றின் உருப்படியில் அரபு நாட்டவரும் இஸ்ரேலியரும் தனிவாசிப்பாளராக அருகருகே நின்றனர். ஒருவர் மூச்சு விடும் இடத்தை மற்றையவர் அறியாமல் அவ்வுருப்படியை வாசிக்க முடியாது. அதனாற் கொள்கைப் பிரகடனம் எதுவுமின்றியே நிரல் தன் கருத்தைச் சொல்லியது. இத்தெரிவின் நுட்பம் பாராட்டுக்குரியது.

எனினும் அங்கே ஒலித்தது முழுவதும் ஐரோப்பிய இசை. இருசாராரும் சமமாக நிற்கக்கூடிய நிலம் ஐரோப்பாவிலேயே கண்டெடுக்கப்பட்டது. அரபு இசையின் ஊத்தும் கானூனும் வந்திருந்தால், ஒருசாரார் வீட்டுக்காரராகவும் மற்றையோர் விருந்தினராகவும் ஆகியிருப்பர் என்று வாதிடலாம். ஆனால் வீடு றமல்லாவில்தானே இருந்தது? நாஷ்வில் மாணவர் ஐரோப்பிய நிரலில் தொடங்கித் தமது பாடலுக்கு வந்து சேர்ந்தனர். திவான் குழுவுக்கு அவ்வழி திறக்கவில்லை. இறுதியில் எல்காரின் 'நிம்றொட்' வாசிக்கப்பட்டது. 1948 வரை பிரித்தானிய ஆணையாட்சிக்கு உட்பட்டிருந்த மண்ணில், பேரரசின் உச்சக் காலத்து ஆங்கில இசையமைப்பாளர் ஒருவரின் உருப்படி ஆறுதல் மொழியாக ஒலித்ததைக் கேட்ட முதியோர் சிலரேனும் சபையில் இருந்திருப்பர். அதன் இனிமையை மறுப்பதற்கில்லை. இனிமையாற் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை என்பதே விடயம்.

இங்குக் கூறப்பட்ட மூன்று நிரல்களிலும் பணமோ புகழோ ஆதரவோ கொடுப்போரின் செவி முன்கூட்டியே நிரலுக்குள் நுழைந்திருத்தலைக் காணலாம். அச்செவிக்கு அப்பாலும் பாட்டுப் போய்ச் சேர்வதுண்டு. அதற்கும் ஜூபிலிப் பாடகர்களிடமே சான்று உண்டு. குழு 1878இற் கலைந்த பின்னர், அதன் உறுப்பினருள் ஒருவரான பிறெடெரிக் லௌடின் அப்பெயரிலேயே தமது சொந்தப் பொறுப்பிற் குழுவொன்றை நடத்தினார். இது பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டிய குழுவன்று; வருமானத்தை நம்பி இயங்கிய வணிக முயற்சி. ஆனால் நிருவாகம் ஒரு கறுப்பரின் கையில் இருந்தது. 1884இல் தொடங்கிய அதன் பயணம் ஆறு ஆண்டுகள் நீடித்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, சீனா, யப்பான் எனப் பூமியைச் சுற்றியது. தாஜ்மகாலின் குவிமாடத்தின் கீழும் அக்குழுவினர் பாடினர்.

1886 ஓகஸ்ட்டில், ஆஸ்திரேலியாவின் மறே நதிக்கரையிலிருந்த மலோகா என்னும் மிஷன் குடியிருப்புக்கு அவர்கள் சென்றனர். நிலத்தை வெள்ளைக் குடியேறிகளிடம் இழந்த யோற்றா யோற்றா என்னும் ஆதிக்குடியினர் அங்கு வாழ்ந்தனர். மெல்பேணின் பெரிய மண்டபங்களை நிறைத்த சபையினர் அல்லர் அவர்கள். எவருக்கும் நன்கொடை கொடுக்கும் நிலையிலும் அவர்கள் இருக்கவில்லை. பார்வோனின் சேனை கடலிடையே தடுத்து நிறுத்தப்பட்டதைக் கூறும் அடிமைப் பாடலொன்றை அவர்கள் அங்கு கேட்டனர். பின்னர் அது யோற்றா யோற்றா மொழியில் 'ங்கர்ரா பர்ரா பெர்ரா' என்னும் பாடலாயிற்று. மொரிசியஸ் தீவிற் பிறந்த இந்திய வம்சாவளியினரும் மலோகாவின் ஆசிரியருமான தோமஸ் ஷட்றக் ஜேம்ஸுக்கு அம்மொழியாக்கத்திற் பங்குண்டு எனக் கூறுவர்.

நான்கு குரற் பகுதிகளாக வகுக்கப்பட்டு, உச்சரிப்புத் திருத்தப்பட்டு, தேவாலயச் சபைகளுக்கென மெருகூட்டப்பட்ட வடிவமே மலோகாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹேஸ்ற்றன் குறிப்பிட்ட இழப்புகள் அனைத்தும் அதில் இருந்தன. ஆயினும், ஓர் அரசனின் படையிடமிருந்து தப்பிச் செல்லும் மக்களின் கதை அதனுள் எஞ்சியிருந்தது. இங்கிலாந்தில் பக்தியாகக் கேட்கப்பட்ட அக்கதையை மலோகாவினர் தமது கதையாகக் கேட்டனர். பாட்டை ஒலிப்பதிவு செய்யும் வசதியோ அச்சிட்டுப் பரப்பும் நிறுவனமோ அவர்களுக்கு இருக்கவில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு என அது வாய்வழியே வந்தது. நாஷ்விலில் நாற்காலியற்ற அறையில் நிலத்திலமர்ந்து கற்றுக்கொள்ளப்பட்ட முறையும் இதுவே. 2012இல் வெளிவந்த 'த சபயர்ஸ்' திரைப்படத்தில் அப்பாடல் ஒலித்தபோதுதான் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பலர் அதனை முதன்முறையாகக் கேட்டனர்.

மலோகாவின் மக்கள் 1888இல் கமராகஞ்சா என்னும் அண்மைக் குடியிருப்புக்குப் பெயர்ந்தனர். அங்கு நிலவிய கொடுமைகளைத் தாங்காது, 1939 பெப்ரவரியில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் குடியிருப்பை விட்டு வெளியேறி, மறே நதியைக் கடந்து மறுகரைக்குச் சென்றனர்.